திருட்டு மூச்சு

அத்தியாயம் 19

ஒரே ஸ்டாண்டு, ஒரே பாட்டுத் தாள், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இப்படி உட்கார்ந்துகொண்டு நாலு வருஷம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்க முடியுமா? முடியும் என்று நம் தையற்காரியும் அவள் அண்ணியும் நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆலயத்துப் பாடகர் குழுவான கொயரில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிற பெண்கள் எட்டுப் பேர். முதல் ஸ்டாண்டு இவர்கள் இருவருக்கும். யாராவது ஒருத்தி எழுந்து பின்வரிசைக்குப் போயிருக்கலாம். போனால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே! அதனால் இரண்டு பேரும் அசையவில்லை. தாளைத் திருப்புவது அண்ணி, பென்சில் சீவுவது நாத்தனார். இதற்குப் பேச்சு எதற்கு?

காரணம் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லச் சொல்ல ஆறுகிற சமாசாரம் இல்லை இது.

கொயர் மாஸ்டர்தான் தையற்காரியின் அண்ணன். அவருக்கு ஒரே மகள். ஒன்பது வயது. எல்லோருக்கும் அவள் குட்டி. கல்யாணம் கூடிவராமல் தனியாகவே இருந்துவிட்ட அத்தைக்கு, அதாவது நம் தையற்காரிக்கு, அவள்தான் உயிர். ஒரு சனிக்கிழமை அத்தை வீட்டில் தங்க வந்தவளுக்குச் சாயங்காலம் காய்ச்சல் கண்டது. அத்தை மாத்திரை கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள், கழுத்து வலிக்கிறது என்றபோது தலையணையை மாற்றி வைத்தாள். அண்ணனைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தவள், ஒரு ராத்திரிதானே, விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், பாவம் அவர்களும் களைத்துப்போய்ப் படுத்திருப்பார்கள் என்று வைத்துவிட்டாள். விடிந்தபோது குழந்தைக்கு நினைவில்லை. மூளைக்காய்ச்சல். குழந்தை பிழைக்கவில்லை. "ராத்திரியே கொண்டுவந்திருந்தா" என்று தொடங்கிய டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணி நிறுத்திக்கொள்ளவில்லை. "உன் வயித்துல பொறந்திருந்தா விடியறவரைக்கும் காத்திருப்பியா?" என்று கேட்டாள். அவள் நாத்தனாரிடம் பேசிய கடைசி வாக்கியம் அது.

அதற்குப் பிறகு மாஸ்டர் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியதுதான் 'மன்றாட்டு'. கொயரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாட ஐந்து பகுதி, ஐம்பது நிமிஷம். யாருக்காக என்று முதல் பக்கத்தில் போடவில்லை. போடாமலே ஊருக்குத் தெரியும். நாளை ஞாயிற்றுக்கிழமை மாலை அது அரங்கேற வேண்டும்.

இனி, திருட்டு மூச்சு. மனிதனாகப் பிறந்த எவனாலும் ஒரே மூச்சில் ஒரு நிமிஷம் 'ஆ' என்று இழுக்க முடியாது. கொயர் இழுக்கும். ரகசியம் வேறொன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவள் பாடிக்கொண்டிருக்கும்போது இவள் சட்டென்று மூச்செடுத்துக்கொண்டு திரும்பக் கலந்துவிடுவாள். அவள் எடுக்கும்போது இவள் தாங்குவாள். கேட்கிறவர்களுக்குத் தெரியவே கூடாது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் திருடினால் பாட்டில் ஓட்டை விழும் என்பதால், யார் எங்கே என்று தாளிலேயே குறித்து வைத்துக்கொள்வார்கள். துணியில் கோடு போடுகிற நீலப் பென்சிலால் குறிப்பாள் தையற்காரி. அண்ணியுடையது கறுப்பு.

'மன்றாட்டு' முடிகிற இடத்தில் மாஸ்டர் இதை வைத்தே ஒரு வேலை செய்திருந்தார். கடைசி 'ஆமென்' என்பதில் 'ஆ' மட்டுமே பதினாறு கட்டம். கட்டம் என்றால் தாளில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருப்பது, நாலு தட்டு. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கும். மற்றக் குரல்களும் அடங்கும். கடைசி ஆறு கட்டம் ஆல்டோவின் முதல் ஸ்டாண்டு மட்டும். இரண்டே குரல், ஒரே சுரம், துணைக்கு ஒரு வயலின்கூடக் கிடையாது. ஒருத்தி மூச்செடுத்தால் மற்றவள் தாங்கித்தான் ஆகவேண்டும். மனைவியிடமும் தங்கையிடமும் வாயால் சொல்லி அலுத்துப்போன மனுஷன், தாளில் எழுதிக் கட்டிப்போட்டார்.

போன வியாழக்கிழமை ஒத்திகையில்தான் தையற்காரி அதைக் கவனித்தாள். இரண்டு மாதம் முன்பு அந்தப் பதினாறு கட்டத்தில் அண்ணியின் கறுப்புக் குறி மூன்று. இப்போது ஏழு. அழித்து அழித்து எழுதியதில் தாள் நைந்திருந்தது. கொயரிலேயே நெடுமூச்சுக்காரி என்று பெயர் வாங்கியவளுக்கு ஏழு எதற்கு? கேட்டிருக்கலாம். கேட்க வாய் வேண்டுமே. கண்டும் காணாதவள்போல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

* * *

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் வந்துவிட்டார். அக்குளில் ஒரு துணிப் பை. முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு நாளாக மனுஷனுக்குத் தூக்கமும் இல்லை, களைப்பும் இல்லை.

வந்ததும் டிரம்பெட்காரரைப் பற்றித்தான் புகார். மூன்றாவது பகுதியில் அவருக்கு நூற்றுப்பத்துக் கட்டம் ஓய்வாம். எண்ணிக்கொண்டே இருந்தவர் தூங்கிப்போய்விட்டாராம். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்ததில் துள்ளி எழுந்து, மெதுவாக வரவேண்டிய இடத்தில் முழங்கித் தள்ளிவிட்டாராம். போதகரின் கையிலிருந்த தண்ணீர்க் குவளை கீழே விழுந்துவிட்டதாம். தையற்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

"அண்ணியோட அங்கி. கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடு பாப்பா. தோள்ல நிக்கவே மாட்டேங்குது" என்று பையை மேசைமேல் வைத்தார். நாற்பது வயதிலும் அவருக்குத் தங்கை பாப்பாதான்.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

"அது எனக்கென்ன தெரியும்? துணி உன் வேலை. குரலைக் கேளு, சொல்றேன்."

அதில் பொய் இல்லை. கொயரில் யாராவது தும்மினால் திரும்பிப் பார்க்காமலே பேர் சொல்லித் திட்டுகிற காது அது.

அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவதா என்று, நூலைத் தேடுகிற சாக்கில் கேட்டு வைத்தாள். ஒத்திகை அலைச்சல்தான் என்றார் மாஸ்டர். அதோடு செவ்வாய்க்கிழமை தவறாமல் தன் அக்கா வீட்டுக்கு வேறு போய்வருகிறாளாம். போகட்டும், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் மனசு மாறும் என்று தான்தான் விட்டுவிட்டாராம். சொல்லிவிட்டு, வயலின்காரர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று ஓடிப்போனார்.

தையற்காரி அங்கியை மேசையில் விரித்தாள். பிறகு அளவு நோட்டை எடுத்தாள்.

கொயருக்கு அங்கி தைக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. மற்றவர்களுக்கு மார்பளவு ஒன்று. பாடுகிறவர்களுக்கு இரண்டு. மூச்சை முழுக்க விட்டுவிட்டு ஒன்று, முழுக்க இழுத்துக்கொண்டு ஒன்று. இரண்டாவது அளவுக்குத்தான் துணி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'இடி' என்று பட்டப்பெயர் வாங்கிய கனத்த பாஸ் குரல்காரருக்கு நேர்ந்ததுதான் நேரும். அவர் முதல் பாட்டிலேயே முதுகுத் தையலைக் கிழித்துக்கொண்டு ஆராதனை முடியும்வரை சுவரோடு சாய்ந்து நின்றார்.

அண்ணியின் பக்கத்தில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு இருந்தது. விட்டால் முப்பத்தாறு, இழுத்தால் முப்பத்தெட்டரை. இரண்டரை அங்குலம் மூச்சு. அன்றைக்கு அதை எழுதும்போது, "அண்ணி, உங்களுக்குள்ள ஒரு துருத்தி இருக்கு" என்று சொன்னதும், அண்ணி விழுந்து விழுந்து சிரித்ததும், குட்டி தனக்கும் அளவெடுக்கச் சொல்லி அடம்பிடித்ததும் ஞாபகம் வந்தன. நோட்டை மூடிவிட்டாள். இந்த வேலையை ஊகத்தில் செய்ய முடியாது. ஆளை நிறுத்தித்தான் அளக்க வேண்டும்.

* * *

ஒத்திகை மூன்று மணிக்கு. இரண்டரைக்கெல்லாம் ஆலயத்தின் உடை மாற்றும் அறையில் டேப்போடும் குண்டூசிப் பெட்டியோடும் தையற்காரி தயாராக நின்றாள். அண்ணி உள்ளே வந்தாள். பார்த்தாள். கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு எதிரே போய்க் கையை அகட்டி நின்றாள்.

நாலு வருஷத்தில் அவளைத் தொடுவது இதுதான் முதல் தடவை. டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் பிடித்தபோது, ரவிக்கைக்கு மேலேயே விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. முப்பத்திரண்டு.

டேப்பை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த அளவு என்ன என்று இருவருக்கும் தெரியும். அண்ணி மூச்சை இழுத்தாள். தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. டேப் மட்டும் நகரவில்லை. கடைசியில் ஒரு அரை அங்குலம் நகர்ந்தது. இழுத்த மூச்சு அங்கே நிற்கவும் மாட்டாமல் இருமலாக வெளியே வந்தது.

முப்பத்திரண்டரை என்று நோட்டில் எழுதினாள் தையற்காரி. எழுதியதை நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள்.

நிமிர்ந்தால், கண்ணாடியில் அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமான பார்வை இல்லை அது. அண்ணி திரும்பி, நோட்டை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, மூடி, தையல் பைக்குள் அடியில் வைத்து, மேலே துணித்துண்டைப் போட்டு மறைத்தாள். பிறகு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, குண்டூசி குத்துவதற்காக மறுபடியும் கையை அகட்டி நின்றாள்.

இதைவிடத் தெளிவாக யாரால் வாய்விட்டுச் சொல்ல முடியும்? தையற்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்துக்கு இரண்டு அங்குலம் மடித்து, அப்போதைக்குத் தாங்குகிற மாதிரி பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்தாள்.

* * *

முன்வரிசை பெஞ்சுகளை எடுத்துவிட்ட இடத்தில் இருபத்திரண்டு வாத்தியக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் படிப்படியாகக் கொயர். எல்லோருக்கும் அங்கியோடு ஒத்திகை. முதல் நாலு பகுதியும் ஓடிவிட்டன. டிரம்பெட்காரர் விழித்துக்கொண்டிருந்தார். இடியின் முதுகு தாங்கியது. அண்ணி எப்படித் தாங்கினாள் என்பதுதான் ஆச்சரியம். சேர்ந்து பாடுகிற இடங்களில் பாதி வார்த்தையை விட்டுவிட்டுப் பாடினாள். அது பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஐந்தாம் பகுதி. 'ஆமென்'.

'ஆ' எழுந்தது. டிரம்பெட் அடங்கியது, புல்லாங்குழல் அடங்கியது, வயலின்கள் வரிசை வரிசையாக வில்லை மடியில் இறக்கின. டெனர், பாஸ், சொப்ரானோ என்று மற்றக் குரல்களெல்லாம் அடங்கின. பின்வரிசை ஆல்டோக்களும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு குரல் மட்டும் மிஞ்சியது. ஒரு கட்டம். இரண்டு. இரண்டாவதின் முடிவில் தையற்காரியின் நீலக் குறி இருந்தது. அண்ணி தாங்க வேண்டிய இடம். இவள் மூச்செடுத்தாள்.

அதே நொடியில் அண்ணியின் குரல் அறுந்தது.

ஆலயத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ வெளியே வண்டி போகிற ஓசை கேட்டது. மாஸ்டரின் கைகள் காற்றில் அப்படியே நின்றன. பிறகு தொப்பென்று இறங்கின.

"யாரு அது?"

அண்ணி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். எல்லோரும் முதல் ஸ்டாண்டைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றாள் தையற்காரி. "குறியைத் தப்பாப் பார்த்துட்டேன்."

மாஸ்டர் கையை ஓங்குகிறவர் இல்லை, நாக்கை ஓங்குகிறவர். அத்தனை பேர் முன்னால் தங்கை என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பதினேழு வருஷமாகக் கொயரில் இருப்பவளுக்கு இரண்டு வரை எண்ணத் தெரியாதா, நாளைக்கு இந்த ஓட்டை விழுந்தால் இத்தனை பேர் உழைப்பும் மண்ணாகிவிடாதா என்று கேட்டார். தையற்காரி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு அவளை ஒன்றும் செய்யவில்லை. அண்ணியின் உதட்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நீலம் பாரித்திருந்தது.

மறுபடியும் என்றார் மாஸ்டர். பதினாறு கட்டமும் முதலிலிருந்து.

தையற்காரி நீலப் பென்சிலை எடுத்து, ஆறு கட்டத்திலிருந்த தன் குறியை அடித்துவிட்டாள். அண்ணி அதைப் பார்த்தாள். மற்றக் குரல்கள் அடங்கத் தொடங்கியபோது தையற்காரி இருக்கிற மூச்சையெல்லாம் அடிவயிறுவரை இழுத்து வைத்துக்கொண்டாள். பின்வரிசைகள் அடங்கின. இவள் பாடினாள். அண்ணி வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள்.

நாலாவது கட்டத்தில் காது அடைத்தது. ஐந்தாவதில் கண் இருட்டியது. ஆறாவது கட்டம் எப்படிக் கடந்தது என்று அவளுக்கே தெரியாது. 'மென்' என்று கொயர் மொத்தமும் சேர்ந்துகொண்டபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி நேரே ஆல்டோக்களிடம் வந்தார். கன்னமெல்லாம் கண்ணீர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைத்தான் மூணு வருஷமாக் கேட்டேன்" என்றார். "எது யார் குரல்னு எனக்கே தெரியலை. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தும்மலுக்குப் பேர் சொல்கிற அந்தக் காது, ஒரு குரலை இரண்டு என்று கேட்டுவிட்டது. கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அந்த ஆசைக்கு முன்னால் காது என்ன செய்யும், பாவம்.

* * *

உடை மாற்றும் அறையில் மற்றப் பெண்கள் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு அரட்டையடித்துக்கொண்டு வெளியேறும்வரை அண்ணி சுவரோரத்து பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆள் போனதும் கதவு சாத்திக்கொண்டது.

"நாளைக்கும் இதே மாதிரி பிடிச்சுக்கோ" என்றாள் அண்ணி.

தையற்காரி நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டாக மட்டும் கேட்ட குரல். பேச்சாக அது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மெலிந்து கிடந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு தடவை மூச்சு வாங்கியது.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் போனது அக்கா வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. எதனால் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் வீட்டுக்கு விடவே மாட்டேன் என்றாராம். உடனே படுத்து நீரை எடுக்க வேண்டும், எந்த நேரத்திலும் மூச்சு நின்றுவிடலாம் என்றாராம். இவள், என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்திடுவார். குட்டிக்குன்னு நாங்க செய்யறது இது ஒண்ணுதான். திங்கட்கிழமை காலையில நானே சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கறேன். நடுவுல ஒரு ராத்திரிதானே."

தையற்காரி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு ராத்திரின்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள்.

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்குக் கேட்டதை மறந்துடு. உன்மேல தப்பில்லை. நான் மனசாரச் சொல்றேன். இதை மட்டும் எனக்காகச் செய்."

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் முழங்காலில் நின்றிருக்கிறாள்! கடவுளிடம் கேட்டாள், அண்ணனிடம் கேட்டாள், குட்டியின் போட்டோவிடம்கூடக் கேட்டாள். கிடைத்துவிட்டது. அந்தக் கையின் நகங்களும் நீலமாக இருந்தன.

"நான் சொல்லிட்டா?" என்று கேட்டாள்.

அண்ணி கையை விட்டுவிட்டாள்.

"நீ சொன்னேன்னா, ஆயுசுக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டேன். என் பொண்ணையும் எடுத்துக்கிட்டே, அவ பாட்டையும் எடுத்துக்கிட்டேன்னு நெனச்சுக்குவேன்."

மிரட்டுவதற்காகச் சொன்னதில்லை அது. அண்ணி சொன்னால் செய்கிறவள். நாலு வருஷமே அதற்குச் சாட்சி.

தையற்காரிக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு ஆசையாக ஒன்றைக் கையில் வாங்கி, சூடு ஆறுவதற்குள் தானே தூக்கி எறிவதா என்று அழுகையாக வந்தது. சும்மா இருந்துவிட்டால் என்ன? நாளைச் சாயங்காலம் வரைக்கும்தானே? டாக்டர்கள் எதையும் பெரிதாகத்தான் சொல்வார்கள். இருந்துவிடலாம் என்றுதான் ஒரு கணம் முடிவு செய்தாள். அண்ணி இருமினாள். இருமி முடித்து அடுத்த மூச்சு கிடைக்காமல், வாயைத் திறந்தபடி எழுந்து சுவரில் கையை ஊன்றி நின்றாள். மூச்சு திரும்ப வந்து சேருவதற்குள் தையற்காரி தன்னையறியாமல் ஏழு வரை எண்ணிவிட்டாள். எழுந்து, தையல் பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"வேணாம்" என்றாள் அண்ணி பின்னாலிருந்து. தையற்காரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

மாஸ்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் வயலின்காரம்மாவும் இடியும் அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கையைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "வா பாப்பா. கோபமா? அந்தத் திட்டையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. அந்த ஆறு கட்டம் இருக்கே, அந்த ரெண்டு குரலும்..."

"அண்ணா, அது ரெண்டு குரல் இல்ல. நான் ஒருத்திதான் பாடினேன்."

மாஸ்டர் சிரித்தார். அவரிடம் போய்க் குரலைப் பற்றி விளையாட்டா?

"அண்ணி வாயை மட்டும்தான் திறந்துட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட மூச்சே இல்லண்ணா" என்று நோட்டைப் பிரித்து நீட்டினாள். பழைய அளவுக்குக் கீழே புதிய அளவு. மாஸ்டருக்குத் துணி அளவு தெரியாது. ஆனால் முப்பத்திரண்டுக்கும் முப்பத்திரண்டரைக்கும் எவ்வளவு தூரம் என்று யாருக்குத்தான் தெரியாது? சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே தங்கிவிட்டது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி, நீர், கையெழுத்து என்று இவள் சொல்லச் சொல்லக் கையிலிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நழுவின. கடைசி வார்த்தையைக் கேட்கக் காத்திருக்காமல் உடை மாற்றும் அறையைப் பார்த்து ஓடினார்.

இடிதான் வண்டியை வாசல்படி வரைக்கும் கொண்டுவந்தார். அண்ணியை மாஸ்டர் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். இன்னும் அங்கியைக் கழற்றவில்லை. ஓட்டுத்தையல் ஒரு பக்கம் விட்டுப்போய், துணி காலுக்குக் கீழே இழுபட்டது. ஏறி உட்கார்ந்ததும் அங்கியின் ஓரம் கதவில் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று தையற்காரி குனிந்து அதை எடுத்து உள்ளே விட்டாள். அண்ணி அவள் விரலிலிருந்து துணியை உருவித் தானே மடியில் சுருட்டிக்கொண்டாள். முகத்தைத் திருப்பி எதிரே கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

வண்டி போய்விட்டது. படியில் நின்றவர்கள் நாளைக்கு உண்டா இல்லையா என்று தையற்காரியைக் கேட்டார்கள். அவளுக்கு என்ன தெரியும்? ஒருவர் ஒருவராகக் கலைந்தார்கள். அவள் மட்டும் முன்வரிசையில் ஒரு வயலின்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அழுதாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் செய்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

வெயில் சாய்கிற நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். நீரை எடுக்க உள்ளே கொண்டு போயிருக்கிறார்களாம். இன்னும் வெளியே வரவில்லையாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கினாராம். இந்தத் தடவை அவர் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தாராம்.

தான் அங்கே கிளம்பி வருவதாகச் சொன்னாள் தையற்காரி. மறுமுனையில் அண்ணன் தயங்கினார்.

"வேணாம் பாப்பா. உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ரெண்டு சொல்லச் சொன்னா. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி மாத்திச் சொல்ல விரும்பலை. அவ சொன்னதையே சொல்றேன்."

"சொல்லுங்கண்ணா."

"'அவளை இங்க வர வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கு அந்த ஆறு கட்டத்தையும் தனியாப் பாடச் சொல்லுங்க.'"

இது மன்னிப்பா, தண்டனையா என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. கேட்க அவளுக்கும் தைரியமில்லை. "சரிண்ணா, பாடறேன்" என்றாள்.